பழைய இரும்பில் லைட் செய்ய: பஞ்சிகாவத்தை, பழைய சோனகத் தெரு, முதலாம் குறுக்குத் தெரு ஒரு மதிப்பீடு

பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் லைட்டின் உருவத்தை வாங்குங்கள். கரண்ட் ஓடும் சாமான் ஒன்றையும் அங்கே வாங்காதீர்கள். கழற்றிப் போட்ட வாகனப் பாகம், தண்ணீர்க் குழாய், கப்பல் விளக்கு என்று கையில் கிடைத்ததை வைத்து மேசை லைட்டும் தொங்கு லைட்டும் செய்ய விரும்புபவருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு லைட்டுக்கு வேண்டிய எல்லாமே மூன்று இடங்களில் கிடைத்துவிடும்: கொழும்பு 10 இல் பஞ்சிகாவத்தை, 12 இல் பழைய சோனகத் தெரு, 11 இல் முதலாம் குறுக்குத் தெரு. ஒவ்வொன்றும் ஒரு விஷயத்தில் கெட்டி, மற்றதில் ஏமாற்றம். எதை எங்கே வாங்குவது என்பதில் பிழை விட்டால் பிறகு பட்டறையில் எவ்வளவு மினக்கெட்டாலும் அந்த லைட் சரிவராது.

பஞ்சிகாவத்தையில் மிகப் பெறுமதியான சாமான் பிரேக் டிஸ்க். மேசை லைட்டின் அடிக்கு இதைவிட நல்லது சந்தையில் இல்லை. சிறிய காரின் தட்டையான டிஸ்க் ஏறக்குறைய 3 கிலோ வரும். வானில் இருந்து கழற்றிய காற்றோட்ட டிஸ்க் அதன் இரண்டு மடங்குக்கு மேல். தேய்ந்து போய் மெக்கானிக் எறிந்த டிஸ்க்கே போதும், எங்களுக்குத் தேவை பாரமும் வட்டமும்தான். விலை கேட்கும் முறை முக்கியம். "நானா, பழைய இரும்பு கிலோ என்ன விலை?" என்று தொடங்குங்கள். "லைட் செய்ய ஒன்று வேணும்" என்று தொடங்கினால் அதே டிஸ்க் அலங்காரச் சாமானாகி விலையும் ஏறிவிடும்.

டிஸ்க் வார்ப்பிரும்பு. குழாயை அதன்மேல் நேராக வெல்டிங் பண்ணச் சொல்லாதீர்கள். முன்சூடு கொடுக்காமல் ஒட்டினால் ஆறும்போது ஒட்டின் ஓரமாக வெடிக்கும், சில வேளை ஒரு கிழமை கழித்து, லைட்டைத் தூக்கும் நேரத்தில். போல்ட் போடுவதுதான் வழி. டிஸ்க்கின் நடுவில் தொப்பி போல உயர்ந்திருக்கும் பாகத்தை மேலே வைத்து, அதன்மேல் 4 அல்லது 5 மில்லிமீற்றர் தடிப்பமுள்ள வட்டத் தகடு ஒன்றைச் சில்லுப் போல்ட் துளைகளிலேயே இறுக்க வேண்டும். நாலு போல்ட் உள்ள சிறிய கார்களில் அந்தத் துளைகள் பெரும்பாலும் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கும். ஆகவே 120 மில்லிமீற்றர் தகடு பொருந்தும், நடுவில் இருக்கும் பெரிய ஓட்டையும் மூடிவிடும். குழாயைப் பிடிக்கும் பிளான்ஜ் இந்தத் தகட்டில்தான் ஏற வேண்டும். பிளான்ஜின் துளையும் டிஸ்க்கின் துளையும் ஒருநாளும் நேராக வராது. தகட்டை விட்டுவிட்டு நேராகப் பூட்டப் பார்த்து அரைநாளைத் தொலைப்பவர்கள் அதிகம்.

வயர் வெளியே வரும் துளையைத் தொப்பியின் பக்கச் சுவரில் போடுங்கள். வார்ப்பிரும்பைத் துளைக்க எண்ணெய் வேண்டாம், அதற்குள் இருக்கும் காரீயமே (கிராபைட்) போதும். எண்ணெய் விட்டால் தூளோடு சேர்ந்து களிபோலாகி டிரில் நுனியை அடைக்கும். துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். அடியில் வயரை விட்டால் ஐந்து கிலோ இரும்பு அதன்மேல் குந்தியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய டிரம், பிரேக் சூ, கிளச் பிளேட் ஆகியவற்றில் படிந்திருக்கும் கறுத்தத் தூளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். காற்றுக் குழாயால் ஊதியோ காய்ந்த தூரிகையால் தட்டியோ சுத்தம் செய்யாதீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். கிளச் பிளேட்டைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் உராயும் பாகம் அதிலேயே ஒட்டியிருப்பதால் அதை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம் என்பது எங்கள் தீர்மானம்.

பற்சில்லுகளைப் பொறுத்தவரை கையை அடக்கிக்கொள்வது நல்லது. டைமிங் பற்சில்லு ஒன்று குழாயின் நடுவில் இருந்தால் கண்ணுக்குப் பொருந்தும், ஐந்தாறு ஒட்டினால் கடைச் சரக்குப் போலாகிவிடும். உண்மையான புதையல் பழைய வட்ட ஹெட்லைட் கிண்ணங்கள்தான். மொரிஸ் மைனர் போன்ற கார்களில் வந்த 7 அங்குல ஹெட்லைட்டின் தகரக் கிண்ணமும் குரோம் வளையமும் சேர்த்துக் கிடைத்தால், நீட்டிய கை உள்ள விளக்குக்கு மூடி (ஷேட்) வேறு தேட வேண்டியதில்லை. வாங்கும்போது உள்பக்கத்தை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். கறள் மேலே மட்டும் படிந்திருந்தால் எடுக்கலாம். நகத்துக்கே தகரம் உதிர்ந்தால் வையுங்கள், கழுவும்போது ஓட்டை விழும்.

கப்பல் விளக்கு என்று விற்கப்படுபவற்றுக்கு காந்தம் ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. முலாம் பூசிய இரும்பில் ஒட்டும். அலுமினிய வார்ப்பிலும் ஒட்டாது, ஆனால் தூக்கிப் பார்த்தால் பாரம் காட்டிக் கொடுத்துவிடும். கண்ணாடியும் கம்பிக் கூடும் முழுதாக இருந்தால் போதும், உள்ளே இருக்கும் ரப்பர் எப்படியும் கல்லாகிப்போயிருக்கும், மாற்ற வேண்டும். வயர் நுழையும் வாயும் புதிதாகப் போடாதவரை இவை மழைக்குத் தாங்காது. "கப்பலில் இருந்தது, மழைக்கு ஒன்றும் ஆகாது" என்ற பேச்சை நம்பி மதிலில் பூட்டாதீர்கள். இன்னொன்று, மூடிய கண்ணாடிக்குள் எல்ஈடி பல்ப் தன் சூட்டில் தானே வேகும். 4 அல்லது 5 வாட்ஸுக்கு மேல் போடாதீர்கள். மூடிய விளக்குக்குள் பாவிக்க வேண்டாம் என்று பெட்டியில் இருந்தால் அதையும் எடுக்காதீர்கள்.

மின்சார சபையினதோ ரயில்வே திணைக்களத்தினதோ முத்திரை உள்ள சாமான் கண்ணில் பட்டால், எவ்வளவு வடிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அது எப்படி அந்த மேசைக்கு வந்தது என்று கேட்கப்படும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கினவரும்தான்.

குழாய்க்குப் பழைய சோனகத் தெருவுக்குப் போக வேண்டும். அரை அங்குல ஜீஐ குழாய், அதாவது நாக (சிங்க்) முலாம் பூசிய இரும்புக் குழாய்தான் மேசை லைட்டுக்கு அளவு. வெளி விட்டம் 21 மில்லிமீற்றர் சொச்சம், நடுத்தரத் தடிப்பக் குழாயின் உள் விட்டம் 16. மூன்று கம்பி வயர் 6 முதல் 7 மில்லிமீற்றர் தடிப்பம் என்பதால் எல்போவிலும் (வளைவு மூட்டு) தாராளமாகப் போகும். முக்கால் அங்குலம் நிலத்தில் நிற்கும் உயரமான லைட்டுக்கு மட்டும். மேசையில் அது குழாய் வேலை பாதியில் நின்ற மாதிரி இருக்கும். இந்தத் தெருவின் பெரிய வசதி, கடைகளில் அளவு சொன்னால் குழாயை வெட்டி மரையும் போட்டுத் தருவார்கள். அளவை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு மரை முனையும் எல்போவுக்குள் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் போகும், அதைக் கூட்டாமல் வெட்டினால் லைட் ஒவ்வொரு மூட்டிலும் குறுகும்.

இங்கே வரும் குறை ஒன்றுதான், ஆனால் அது உயிரோடு விளையாடும் குறை. வெட்டிய குழாயின் உள்விளிம்பில் சவர அலகு போல ஒரு பிசிறு நிற்கும். தண்ணீருக்கு அது பரவாயில்லை, வயருக்கு எமன். வட்ட அரத்தால் உள்ளே ஒரு சுற்று, சுண்டுவிரலைவிட்டுச் சுழற்றினால் எங்கும் பிடிக்காத வரைக்கும் தேய்க்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெயில் துணியை நனைத்து உள்ளே இழுத்து மரை வெட்டிய எண்ணெயை எடுங்கள். அந்த எண்ணெய் கிடந்தால் வயரின் மேலுறை நாளடைவில் ஊதிப் பிசுபிசுக்கும்.

பூட்டும் ஒழுங்கும் இங்கேதான் பிழைத்துப்போகிறது. வயரைப் போட்டுவிட்டு எல்போவை இறுக்கினால், எல்போ சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் வயரையும் முறுக்கும். முதலில் வயர் இல்லாமல் முழுவதையும் இறுக்கி, திசை பார்த்து, சுண்ணக்கட்டியால் மூட்டுகளில் கோடு போடுங்கள். ஒரு நைலோன் நூலைப் பஞ்சுத் துண்டோடு கட்டி மறுமுனையில் வாயால் உறிஞ்சாமல் வாக்யூம் கிளீனரால் இழுத்தால் இரண்டு எல்போ தாண்டி வந்துவிடும். வயரை அந்த நூலில் கட்டிக் கடைசியில் இழுங்கள். குழாய் மரை கூம்பு என்பதால் எல்போ நீங்கள் நினைத்த திசையில் நிற்காமல் முக்கால் சுற்றில் இறுகிவிடும். அதைப் பலவந்தமாகச் சுற்றாமல், கொஞ்சம் தளர்த்தி மரைப் பசை விட்டு நிறுத்தலாம். வெள்ளை டேப் சுற்றாதீர்கள், அது வீட்டுக் குழாய்க்கு. லைட்டில் அது ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் இடையில் எர்த் (கசியும் கரண்டை நிலத்துக்கு இறக்கும் வழி) தொடர்பை அறுத்துவிடலாம்.

குழாயின் நுனியில் இருக்கும் எல்போவில் பல்ப் ஹோல்டரை எப்படிப் பூட்டுவது என்ற கேள்விக்குக் கடைகளில் விடை கிடையாது. லேத் பட்டறைதான் கதி. ஹோல்டர்களின் கழுத்தில் உள்ள மரை பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் விட்டம், 1 மில்லிமீற்றர் இடைவெளி. குழாய் அரை அங்குலம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அரை அங்குலப் பித்தளை அடைப்பு பிளக் ஒன்றை வாங்கி, லேத் பாஸிடம் கொடுத்து நடுவில் 9 மில்லிமீற்றர் துளை போட்டு மரை வெட்டச் சொல்லுங்கள். சொல்லும்போது "ஒரு மில்லிமீற்றர் மரை" என்று இரண்டு தரம் சொல்ல வேண்டும். பட்டறைகளில் சாதாரணமாகக் கையில் எடுப்பது 10 மில்லிமீற்றருக்கு ஒன்றரை மில்லிமீற்றர் மரை வெட்டும் டெப். அதால் வெட்டிவிட்டால் நிப்பிள் (ஹோல்டரைப் பிடிக்கும் மரைபோட்ட சிறு குழாய்) இரண்டு சுற்றுப் போய்ச் சிக்கும், பிளக் வீண். அந்த டெப் பட்டறையில் இல்லையென்றால் மரையே வேண்டாம்: பத்தரை மில்லிமீற்றர் துளை போட்டு, 25 மில்லிமீற்றர் நிப்பிளை மேலும் கீழும் இரண்டு நட் போட்டு இறுக்கலாம். பலம் அதே. இந்த ஒரு சிறு பாகத்துக்குக் கூலி கொடுக்கத் தயங்கி எப்பொக்சி பசையில் ஹோல்டரை ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். பல்ப் மாற்றும் மூன்றாவது தரம் அது கையோடு வரும், கரண்டோடு.

மின் சாமானுக்கு முதலாம் குறுக்குத் தெரு. தெரிவுக்கு இதை மிஞ்ச இடமில்லை. தரத்துக்கு வாங்குபவர் தான் கண் வைத்திருக்க வேண்டும். ஹோல்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பீங்கான் என்றால் பாரமும் குளிர்ச்சியும் தெரியும், உள்ளே நடுநாக்கு பித்தளையாக இருந்து விரலால் அமர்த்தினால் திரும்பி எழும்ப வேண்டும். தகரத்தில் மஞ்சள் முலாம் பூசிய நாக்கு ஒருமுறை மடங்கினால் அப்படியே கிடக்கும், பிறகு பல்ப் சிமிட்டும், தீப்பொறி பறக்கும். இரும்பு லைட்டுக்கு எர்த் திருகு உள்ள ஹோல்டர்தான் வேண்டும் என்று அடித்துக் கேளுங்கள்.

பின் ஹோல்டரா ஸ்க்ரூ ஹோல்டரா என்பதை மூடி தீர்மானிக்கும். பழைய பிரித்தானியப் பாணி எனாமல் மூடிகளில் நடுத்துளை பெரும்பாலும் 28, 29 மில்லிமீற்றர். அது பின் ஹோல்டருக்கென்றே வெட்டியது. அதை ஈ27 ஸ்க்ரூ ஹோல்டருக்காக 40 மில்லிமீற்றர் ஆக்கப் போனால் எனாமல் ஓடு ஓடாகத் தெறிக்கும். துளையை விட்டுவிட்டு ஹோல்டரை மாற்றுவதே புத்தி. துளைக்கத்தான் வேண்டுமென்றால் இரு பக்கமும் டேப் ஒட்டி, அடியில் பலகை வைத்து, படிப் படியான டிரில் பிட்டை மெதுவாக ஓட்டி, வெட்டின விளிம்பில் உடனே பெயின்ட் தொட வேண்டும். அந்த விளிம்பில் கறள் தொடங்கினால் எனாமலுக்கு அடியால் ஊர்ந்து போகும்.

வயர் மூன்று கம்பி, 0.75 சதுர மில்லிமீற்றர், அதாவது 0.2 மில்லிமீற்றர் இழை 24 உள்ள வயர். ஒரு லைட்டுக்கு இரண்டரை மீற்றர் போதும். துணி சுற்றிய முறுக்கு வயர் அழகுக்காக விற்பனையாகிறது. அதில் இரண்டு கம்பிதான் இருக்கிறதா என்று வாங்கும் முன் நுனியைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு கம்பியை இரும்பு லைட்டுக்குப் போடவே கூடாது. மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி எர்த். ஸ்க்ரூ ஹோல்டரில் லைவ் நடுநாக்குக்கு, நியூட்ரல் சுற்றியுள்ள மரைக்கு. மாறினால் பல்ப் எரியும், ஒன்றும் தெரியாது. பல்பைச் சுற்றிக் கழற்றும் விரலுக்குத்தான் தெரியும்.

நடுவயரில் போடும் சிறிய சுவிட்ச் பலரின் எர்த்தை வெட்டிவிடுகிறது, காரணம் மலிவானவற்றில் இரண்டு வழிதான் உண்டு. எர்த்துக்கெனத் தனித் திருகு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். 13 ஆம்பியர் பிளக்கோடு வரும் 13 ஆம்பியர் பியூஸைக் கழற்றிவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். பழுது வந்தால் இந்த மெல்லிய வயருக்கு முன் பியூஸ் போக வேண்டும்.

இதே மாதிரி லைட்டுகளைச் செய்து முடித்தே விற்கும் தளபாடக் கடைகளும் ஒன்லைன் பக்கங்களும் கொழும்பில் பெருகிவிட்டன. பார்வைக்கு வேலைத்திறன் நன்று. ஆனால் வாங்குமுன் பிளக்கைத் திறந்து பார்க்கக் கேளுங்கள். எர்த் முள்ளில் வயர் இல்லையென்றால், லைட்டின் விலையோடு வயரும் ஹோல்டரும் மாற்றும் செலவையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

தொங்கு லைட்டுக்குக் கிணற்றுக் கப்பியை வாங்குபவர்கள் அதிகரித்திருக்கிறார்கள். ஊரில் துலாவையும் கிணற்றையும் விட்டுவந்த வீடுகளில் அது வெறும் அலங்காரம் இல்லை என்பது விளங்குகிறது, வார்ப்பிரும்புக் கப்பிக்கு இருக்கும் வடிவும் தனிதான். ஆனால் கரண்ட் வயரைக் கப்பியில் ஓட்டி அதிலேயே லைட்டைத் தொங்கவிடாதீர்கள். ஏற்றி இறக்க இறக்க வயருக்குள் செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். 2 மில்லிமீற்றர் இரும்புக் கேபிள் கப்பியில் ஓடட்டும், பாரத்தை அது தாங்கட்டும், வயர் பக்கத்தில் தளர்வாகத் தொங்கட்டும். மேலே பிடிக்க வேண்டியது கொங்கிறீட் தட்டில் விரியும் போல்ட்டால். சீலிங் தாளிலோ அதன் மெல்லிய சட்டத்திலோ இல்லை. அரை அங்குல ஜீஐ குழாய் மீற்றருக்கே 1.2 கிலோ இருக்கிறது, கப்பியும் மூடியும் வேறு.

கறளை எடுப்பதற்கு வினாகிரி போதும்: ஒரு நாள் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, அப்போதே வெயிலில் காயப்போடுங்கள். நாளைக்குத் துடைக்கலாம் என்று விட்டால் காலையில் செம்மஞ்சள் பூத்திருக்கும். பித்தளையை வினாகிரியில் ஊறப்போட்டால் ரோஸ் நிறமாகிவிடும். அதற்குக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி தேய்த்து உடனே கழுவுவதே நல்லது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்தபடி சாண்ட் பேப்பர் போட வேண்டாம், நனைத்துத் தேயுங்கள். ஜீஐ குழாயில் ஒட்டு வைத்தால் நாகம் வெண்புகையாகக் கிளம்பும், சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெல்டிங் தேவைப்படும் இடத்தில் முலாமை முன்பே உரசி எடுத்து, காற்றோட்டமான இடத்தில் செய்விக்க வேண்டும்.

வெள்ளவத்தை, தெஹிவளை கடற்பக்க மாடி வீடுகளுக்கு இந்தப் பகுதி மிக முக்கியம். உப்புக்காற்றில் மெழுகு பூசின வெற்றிரும்பு ஒரு பருவம் தாங்காது. வாகனத்துக்கு அடிக்கும் தெளிந்த லக்கர் இரண்டு பூச்சு அடிக்க வேண்டும், மரை மூட்டுக்குள்ளும் படும்படி. ஜீஐ குழாயில் எனாமல் பெயின்ட்டை நேராக அடித்தால் சில மாதத்தில் தாள்போல் உரிந்து வரும், நாகத்தில் அது பிடிக்காது. வொஷ் பிரைமர் முதலில்.

லக்கருக்கு முன்னால் எர்த் திருகு வரும் இரண்டு இடங்களிலும் டேப் ஒட்டி மறையுங்கள்: ஒன்று ஹோல்டர் பக்கம், ஒன்று அடித்தகடு. குழாய் மரையே எர்த்தைக் கொண்டுபோகும் என்று நம்ப முடியாது, பெயின்ட்டும் பசையும் நடுவில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரத்தில் புறக்கோட்டைப் பக்கம் பல கடைகள் பூட்டியிருக்கும், போயா நாளிலும் ஞாயிறிலும் போகவே வேண்டாம். காலி வீதியிலிருந்து வருபவர்களுக்கு 100, 101 பஸ் இரண்டும் புறக்கோட்டை வரை வரும். பழைய சோனகத் தெருவில் லொறியும் நாட்டாமிகளின் (சுமை தூக்குபவர்களின்) கைவண்டியும் நெருக்கும் முன் காலையிலேயே குழாயை வெட்டுவித்துவிடுவது நல்லது, குழாயை வைத்துக்கொண்டு டிஸ்க்கைத் தேடலாம், டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் குழாய் தேட முடியாது.

பூட்டி முடித்ததும் பிளக்கில் குத்துமுன் மல்டிமீற்றரை எடுங்கள். எர்த் முள்ளுக்கும் லைட்டின் ஒவ்வொரு இரும்புப் பாகத்துக்கும் இடையில் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும், மூடியையும் சேர்த்து. லைவ் முள்ளுக்கும் உடலுக்கும் இடையில் தொடர்பு எதுவும் காட்டக் கூடாது, சுவிட்ச் போட்ட நிலையிலும். எலக்ட்ரீசியனிடம் 500 வோல்ட் இன்சுலேஷன் மீற்றர் இருந்தால் அதிலும் பார்ப்பியுங்கள்: குறைந்தது 1 மெகாஓம், புது வயரும் புது ஹோல்டரும் என்றால் அதைவிடப் பல மடங்கு வரும். குறைவாக வந்தால் பெரும்பாலும் அந்தக் குழாய் விளிம்புப் பிசிறு வயரைக் கடித்திருக்கும். டிஸ்க்கின் ஒரு பக்கத்தை நாலரை சென்ரிமீற்றர் தூக்கிப் பாருங்கள், 25 சென்ரிமீற்றர் டிஸ்க்குக்கு அது ஏறத்தாழ 10 பாகைச் சரிவு. கையை விட்டதும் லைட் தானாக நிமிர வேண்டும். பிறகு 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் ஒரு மணித்தியாலம் எரியவிட்டு, அணைத்து, ஹோல்டர் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பல்ப்பின் வாட்ஸைக் குறையுங்கள், அல்லது மூடியின் உச்சியில் காற்றுப் போக நாலு துளை போடுங்கள்.